ஒரு சென்ட் கடல்

ஜாடியில் கசியும் உப்பு

ஆனி, ஆடிச் சாரல் பிடித்துக்கொண்டால் நாஞ்சில் நாட்டு அடுக்களைகளில் தவறாமல் நடக்கும் ஒன்று உண்டு. ஜாடியில் போட்டுவைத்த கல் உப்பு கசியத் தொடங்கும். மேலே பார்த்தால் உப்பு அப்படியே இருக்கும். கையை உள்ளே விட்டால் அடியில் தண்ணீர் கோத்திருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, ஈரக் கையாலும் தொடவில்லை. அந்த நீரில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிப்போடு ஒரு கசப்பும் சேர்ந்து வரும்.

கன்னியாகுமரியிலோ சொத்தவிளையிலோ கடலில் குளிக்கும்போது அலையடித்து ஒரு மிடறு உள்ளே போயிருந்தால் அந்தக் கசப்பு உங்களுக்குப் பழக்கமானதுதான். அதே கடல் நீரை ஒரு குடம் மோந்து வந்து அடுப்பில் வைத்து வற்றக் காய்ச்சினால் அடியில் வெள்ளையாக உப்பு படியும். ஆனால் அதைக் குழம்பில் போட முடியாது. கசக்கும். இரவோடு இரவாக ஈரம் கோத்துச் சொதசொதவென்று ஆகிவிடும்.

சொத்தவிளையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே புத்தளமும் சாமிதோப்பும் இருக்கின்றன. மணக்குடிக் காயலை ஒட்டிய அந்தத் தாழ்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உப்பு விளைகிறது. அதே உவர் நீர், அதே வெயில். அங்கே வாரும் உப்பு இப்படிக் கசப்பதில்லை. அடுப்பு கிடையாது, வடிகட்டி கிடையாது, எந்த மருந்தும் போடுவதில்லை. பிறகு எப்படிக் கசப்பை மட்டும் பிரித்து ஒதுக்குகிறார்கள்?

கரைந்து கிடப்பவை

மொட்டை மாடிகளில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1000 லிட்டர் கொள்ளும் தொட்டி. அதைக் கடல் நீரால் நிரப்பி, கடைசிச் சொட்டுவரை ஆவியாக விட்டால் ஏறக்குறைய 36 கிலோ மிஞ்சும். நாம் உப்பு என்று சொல்லும் சோடியம் குளோரைடு அதில் 28 கிலோ. மீதி 8 கிலோதான் கதையே.

அந்த எட்டில் பெரும்பங்கு மக்னீசியத்துடையது. மக்னீசியம் குளோரைடு நான்கு கிலோவை நெருங்கும். மக்னீசியம் சல்ஃபேட், அதாவது பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பு, ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கசப்பு இந்த இரண்டின் கைங்கரியம். இவற்றோடு ஒன்றரைக் கிலோ அளவுக்கு ஜிப்சம், கிட்டத்தட்ட ஒரு கிலோ பொட்டாசிய உப்பு, நூறு கிராமை ஒட்டிச் சுண்ணாம்பு, இன்னும் சில்லறையாகப் பல.

இந்தப் பங்கீடு குமரிக் கடலுக்கு மட்டும் உரியது இல்லை. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த ‘சேலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் கொண்டுவந்த 77 மாதிரிகளை வில்லியம் டிட்மர் என்ற வேதியியலாளர் ஆராய்ந்தார். சில இடங்களில் கடல் கொஞ்சம் நீர்த்திருந்தது, சில இடங்களில் கரிப்பு கூடுதல். ஆனால் கரைந்த பொருள்களுக்குள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே இங்கே போடப்போகும் கணக்கு எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும்.

டிகிரி

உப்பளத்தில் நின்று பேச்சைக் கேட்டால் அடிக்கடி காதில் விழும் சொல் ‘டிகிரி’. ‘இது பத்து டிகிரிதான் இருக்கு’, ‘இருபத்தஞ்சு ஆயாச்சு’ என்பார்கள். கேட்பவர் வெப்பத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடுவார். அவர்கள் சொல்வது தண்ணீரின் அடர்வை.

1768இல் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் ஒரு கருவி செய்தார். அடியில் கனம் வைத்த, மூடிய கண்ணாடிக் குழல், கழுத்தில் கோடுகள். திரவத்தில் விட்டால் செங்குத்தாக மிதக்கும். திரவம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மேலே எழும்பி நிற்கும். இதை அடர்மானி என்போம். நல்ல தண்ணீரில் அது காட்டும் இடம் பூஜ்யம். கடல் நீரில் மூன்றரை. உப்புக் கரைசலைப் பொறுத்தவரை இந்தக் கணக்கில் ஒரு வசதி உண்டு: டிகிரி எண்ணை, நூறு கிலோ திரவத்தில் எத்தனை கிலோ உப்பு என்று ஏறக்குறைய அப்படியே வாசித்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே இதன் தத்துவத்தைப் பார்க்கலாம். புதிய கோழிமுட்டை நல்ல தண்ணீரில் மூழ்கும், கடல் நீரிலும் மூழ்கும். உப்பைக் கொட்டிக் கரைத்துக்கொண்டே போனால் போமே கணக்கில் 12 டிகிரியை ஒட்டி முட்டை மேலே வந்துவிடும். முட்டையால் அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது; மிதந்தது மிதந்தபடியே கிடக்கும். உப்பளக்காரருக்குத் தேவையான எண்கள் பெரும்பாலும் அதற்கு மேலேதான் தொடங்குகின்றன.

ஆயிரம் லிட்டரின் பயணம்

இப்போது அந்த 1000 லிட்டரை ஒரு சென்ட் நிலத்தில் பரப்புவோம். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். தண்ணீர் இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் நிற்கும், கணுக்கால்கூட நனையாது. நல்ல வெயிலும் காற்றும் உள்ள நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 5 லிட்டர், ஒரு சென்டுக்கு 200 லிட்டர்.

வெயில் கொண்டுபோவது தண்ணீரை மட்டும். கரைந்தவற்றில் ஒரு கிராமையும் அது தொடாது. முதல் நாள் மாலையில் 800 லிட்டர் இருக்கும், உள்ளே அதே 36 கிலோ. மூன்றாம் நாள் 400 லிட்டர், அதே 36 கிலோ. நாளுக்கு நாள் நெரிசல் கூடுகிறது. ஓர் அளவுக்குமேல் தண்ணீரால் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.

இங்கேதான் இயற்கை ஒரு பேருதவி செய்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வருவதில்லை. வடசேரியில் ஏறியவர்களில் சிலர் சுசீந்திரத்தில் இறங்குவார்கள், சிலர் கொட்டாரத்தில், மற்றவர்கள் கன்னியாகுமரிவரை போவார்கள் அல்லவா, அப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுத்தம் இருக்கிறது.

முதலில் இறங்குவது சுண்ணாம்பு. நீர் பாதியாக வற்றி ஏழு டிகிரியை நெருங்குமுன் பெரும்பாலும் படிந்துவிடும். அளவு சொற்பம், கண்ணுக்கே தெரியாது. அடுத்த நிறுத்தம்வரை நீண்ட இடைவெளி. 1000 லிட்டர் ஏறக்குறைய கால்வாசியாகச் சுருங்கி, அடர்மானி 13, 14 என்று காட்டும்போது ஜிப்சம் வரத் தொடங்குகிறது. பாத்தியின் தரையில் மெல்லிய ஏடாகப் படிந்து, ஆண்டுக் கணக்கில் விட்டால் காலைக் கீறும் கெட்டித் தரையாகவே மாறிவிடும். பழைய பாத்திகளில் இதை வெட்டி எடுத்தால் சிமென்ட்டுக்குப் பயன்படும்.

அங்கிருந்து நீர் 100 லிட்டராகும்வரை ஜிப்சம் இறங்கிக்கொண்டே இருக்கும். அடர்மானி 25ஐத் தொடும்போது அதில் ஆறில் ஐந்து பங்கு போய்விட்டிருக்கும். அந்த 25இல், அதற்குமுன் ஒரு மணிகூட இல்லாமல், உப்பு தொடங்குகிறது.

இந்த நொடியை அருகில் குனிந்து பார்க்க வேண்டும். காற்று ஓய்ந்த மதியத்தில் நீரின் மேல்பரப்பில் கடுகளவு சதுரங்கள் மிதக்கும். ஒவ்வொன்றும் நடுவில் குழிந்த ஒரு தலைகீழ்ப் பிரமிடு. படிப்படியாகக் கட்டிய சின்னஞ்சிறு தெப்பக்குளம் மாதிரித்தான் கண்ணுக்குத் தெரியும். விளிம்பில் புதிய உப்பு சேரச் சேர, அது தன் கனத்தால் கொஞ்சம் தாழும். தாழ்ந்த விளிம்பின்மேல் இன்னொரு சதுரம் வளரும். காற்று ஒரு தட்டுத் தட்டினால் கூட்டமாக அடியில் போய் விழும். விழுந்தவை தரையில் கிடந்தபடியே பருக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிடாமல் இருக்கத் தொழிலாளர்கள் பலகையால் அவ்வப்போது கிளறிவிடுகிறார்கள். தரை மண்ணை முன்பே மிதித்து மிதித்து இறுக்கியிருப்பதால் வாரும்போது சேறு சேராது; அந்த மிதிப்பு சரியில்லையென்றால் உப்பு பழுப்பாகிவிடும், பாடுபட்டு ஏற்றிய டிகிரி நீரும் மண்ணுக்குள் இறங்கிப்போகும். விடியுமுன்னே வந்து வெயில் ஏறும்வரை இந்த நீரில் நின்று வேலை செய்கிறவர்களின் பாதங்களைப் பார்த்தவர்கள் உப்பை அள்ளித் தெளிக்கும்போது கொஞ்சம் யோசிப்பார்கள். அடர்ந்த உப்புநீர் தோலிலிருந்தும் தண்ணீரை இழுக்கும். வெடித்த பாதத்தில் அது புகுந்துகொண்டால் புண் ஆறுவது கடினம். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணையும் விடுவதில்லை.

கணக்குக்குத் திரும்புவோம். உப்பின் முதல் மணி வருவதற்கே 1000 லிட்டரில் 900 லிட்டர் போக வேண்டியிருந்தது. மிஞ்சிய 100 லிட்டரை அதே ஒரு சென்டில் விட்டுவைத்தால் இரண்டரை மில்லிமீட்டர் ஆழம்தான் நிற்கும், வார முடியாது. ஆகவே அதைச் சின்னப் பாத்திக்கு மாற்றுகிறார்கள். பழைய ஆழமே வேண்டுமென்றால் 4 சதுர மீட்டர் போதும். எந்த உப்பளத்தையும் மேட்டிலிருந்து பாருங்கள்: பெரிய பெரிய நீர்ப்பரப்புகள் ஏராளமாகவும் உப்பு வாரும் பாத்திகள் கொஞ்சமாகவும் இருக்கும். வெறுமனே தண்ணீர் கட்டி நிற்பதுபோலத் தெரியும் அந்தப் பெரிய பரப்புகளில்தான் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு நடக்கிறது. சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் அங்கேயே இறக்கிவிட்டு, 25க்குச் சற்று முன்பாக நீரைப் பாத்திக்கு அனுப்ப வேண்டும். பொறுமையில்லாமல் 18 டிகிரியிலேயே திறந்துவிட்டால் ஜிப்சம் பாத்திக்குள் வந்து உப்போடு கலந்துகொள்ளும்.

பாத்திக்குள் வந்த நீர் ஆவியாகும் வேகம் குறைகிறது. உப்பு நிறைந்த நீர் தண்ணீரை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. நாளுக்கு 5 மில்லிமீட்டர் போனது மூன்றரையாகும், ஈரக் காற்று வீசினால் அதற்கும் கீழே போகும். 4 சதுர மீட்டரில் மூன்றரை மில்லிமீட்டர் என்றால் 14 லிட்டர். ஐந்து நாளில் 70 லிட்டர் போய் 30 லிட்டர் மிஞ்சும். பாத்தியின் அடியில் 21 கிலோ உப்பு. பெரிய பரப்பில் நாலரை நாள், சின்னப் பாத்தியில் ஐந்து நாள்: இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் இங்கே வாரி முடிக்கும்போது அங்கே அடுத்த நீர் தயாராக நிற்கிறது. காகிதத்தில் கணக்குப் போடாமல், பாத்தியின் அளவிலேயே இந்தக் கணக்கை வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றரை டிகிரிக் கடல் நீரிலிருந்து தொடங்கினோம். மணக்குடியில் பழையாறு வந்து விழுகிறது. பொழிமுகத்தில் மணல்திட்டு மூடிக்கொள்ளும் காலங்களில் கடல் உள்ளே வராது, ஆற்று நீர் தேங்கிக் காயல் நீர்த்துப்போகும். பாதிக் கடலும் பாதி ஆறுமான நீரில் தொடங்கினால் 25 டிகிரிக்கு வர 950 லிட்டர் ஆவியாக வேண்டும். கிடைக்கும் உப்போ பாதிதான். வெயில் அதே வெயில், விளைச்சல் பாதி. தண்ணீரை உள்ளே விடும் முதல் நாளிலேயே அடர்மானியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்பது இதனால்தான்.

எங்கே நிறுத்துவது

பாத்தியில் 30 லிட்டர் மிஞ்சியிருக்கிறது. அடர்மானி 29ஐத் தாண்டுகிறது. இன்னும் 7 கிலோ உப்பு அதற்குள் கிடக்கிறது. வெயிலும் இருக்கிறது. ஆசை யாருக்குத்தான் இருக்காது?

ஆனால் இந்த 30 லிட்டருக்குள்தான் தொடக்கத்தில் இருந்த மக்னீசியம் முழுவதும் அடைந்து கிடக்கிறது. 1000 லிட்டரில் பரவிக்கிடந்தது முப்பதில் ஒன்றாகச் சுருங்கிய நீரில் நெருக்கியடித்து நிற்கிறது. விரலில் தொட்டால் எண்ணெய்போல வழுவழுக்கும். கசப்பு தாங்க முடியாது. இதைக் கசப்பு நீர் என்போம். 30 டிகிரிக்குமேல் விட்டால் இனி விழும் ஒவ்வொரு மணி உப்போடும் மக்னீசியமும் சேர்ந்து விழும். ஆகவே அந்த 7 கிலோவைப் பொருட்படுத்தாமல் மடையைத் திறந்து கசப்பு நீரை வெளியேற்றிவிட்டு உப்பை வாருகிறார்கள்.

உப்பளத்தின் நுட்பம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் அடங்கிவிடுகிறது. 25க்கு முன் வருவதைப் பின்னால் நிறுத்து. 29க்குப் பின் வருவதை வெளியே அனுப்பு. அடுப்பில் காய்ச்சிய குடத்துநீர் கசந்ததற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். நாம் கடைசிச் சொட்டுவரை வற்ற வைத்தோம்.

ஜாடிக் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தால் ஒரு பொருள் அதை இழுத்துத் தானே கரையத் தொடங்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. தூய உப்புக்கு அந்த எல்லை ஈரப்பதம் 75 சதவீதம். மக்னீசியம் குளோரைடுக்கு 33 தான். வறண்ட நாளிலேயே அதற்குத் தாகம் அடங்காது. வாரிய உப்பின் மணிகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் துளிக் கசப்பு நீரே மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து ஜாடியின் அடியில் கோக்கிறது. அதை வடித்துக் கொட்டிவிடுங்கள். மிஞ்சும் உப்பு முன்பைவிடத் தூய்மையானது, அடுத்த முறை குறைவாகவே கசியும். உப்பளத்திலும் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். அம்பாரமாகக் குவித்துவைத்த உப்பிலிருந்து கசப்பு நீர் மெல்ல அடியை நோக்கி இறங்கி வடிந்துவிடும். ஓலை வேய்ந்த அம்பாரத்தின் உச்சி உப்புக்கும் அடி உப்புக்கும் சுவையில் வித்தியாசம் இருப்பது இதனால்தான்.

வெளியேற்றும் கசப்பு நீர் வீணானது என்று எண்ண வேண்டாம். 1826இல் தென் பிரான்சின் மோன்பெலியே உப்பளங்களின் கசப்பு நீரை ஆராய்ந்தபோதுதான் அந்துவான் பலார் புரோமின் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தார். மருந்துக்கும் உரத்துக்கும் வேண்டிய மக்னீசியமும் பொட்டாசியமும் அதில் இருக்கின்றன. பெரிய உப்பு ஆலைகள் அவற்றைப் பிரித்து எடுக்கின்றன. சிறு உப்பளங்களுக்கு அந்த வசதி எட்டவில்லை. எட்டினால் இந்தத் தொழில் இன்னும் கொஞ்சம் தெம்பாக நிற்கும்.

சிவக்கும் நீர்

கடல் நீரில் வாழும் மீன்கள் டிகிரி ஏற ஏற ஒவ்வொன்றாக மறைந்துபோகும். அவை விட்டுப்போன இடத்தில் ஆர்ட்டீமியா என்ற உவர்நீர் இறால் பெருகும். அரிசிமணி நீளம்; தின்ன வரும் மீன் இல்லாததால் அதற்குக் கொண்டாட்டம். அதன் உணவு துனலியெல்லா என்ற பாசி. கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அந்தப் பாசி கேரட்டில் இருக்கும் ஆரஞ்சு நிறமியைத் தயாரிக்கிறது. பூநாரைகள் இந்த உப்பளங்களில் வந்து இறங்கி, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை அலசுவது இவற்றுக்காகத்தான். அவற்றின் இறகின் இளஞ்சிவப்பு இந்த உணவில் வந்த நிறம். 25 டிகிரிப் பாத்திகளில் உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி நீரையே செந்நிறமாக்கும். சிவந்த நீர் வெயிலைக் கூடுதலாக உள்வாங்கிச் சூடேறும், ஆவியாவதும் விரைவாகும்.

இரண்டு மழைக்கு நடுவில்

தூத்துக்குடி உப்பளங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றுதான் பெரிய இடைஞ்சல். குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, அடைமழையும் உண்டு. ஆண்டு முழுவதும் பெய்வதைக் கூட்டினால் தூத்துக்குடியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நாஞ்சில் நாட்டை நெல்லுக்குப் பேர்போன பூமியாக்கிய மழை, உப்பளத்துக்கு எதிரி.

ஒரு சென்டிமீட்டர் மழை என்ன செய்யும் என்று நம் கணக்கிலேயே பார்ப்போம். 40 சதுர மீட்டரில் 400 லிட்டர் நல்ல தண்ணீர் விழும். இரண்டு நாள் வெயில் பறித்துச் சென்றதை ஒரு தூறல் திருப்பித் தந்துவிடுகிறது. 4 சதுர மீட்டர்ப் பாத்தியில் விழுவது 40 லிட்டர்தான். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 360 கிராம் உப்பைக் கரைக்கும். 40 லிட்டர் 14 கிலோவைக் கரைத்துவிடும். விளைந்தது மொத்தமே 21 கிலோ.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. மழைநீர் லேசானது, பாத்தி நீர் அதைவிட ஐந்தில் ஒரு பங்கு கனமானது. காற்று கலக்காதவரை மழைநீர் மேலே தனி ஏடாக நிற்கும். மழை விட்ட கையோடு மடையின் மேல்விளிம்பை மட்டும் திறந்து அந்த ஏட்டை வழிய விட்டால் அடியில் உள்ள அடர்ந்த நீரையும் உப்பையும் காப்பாற்றிவிடலாம். காற்று கிளம்பிவிட்டால் எல்லாம் கலந்துவிடும். மழைக்குமுன் அடர்ந்த நீரை ஆழமான குழிகளுக்கு மாற்றிவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: மேல்பரப்பு குறைந்தால் விழும் மழையும் குறைவு.

விடுதியின் பின்புறத்தில் ஓர் உப்பளம்

உப்புநீர் நீச்சல் குளம் வைத்த விடுதிகள் இப்போது கடற்கரை ஊர்களில் பெருகிவருகின்றன. அதில் இறங்கியவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: உப்புநீர் என்கிறார்களே, வாயில் பட்டால் அவ்வளவாகக் கரிக்கவில்லையே, கண்ணும் எரியவில்லையே?

அந்தக் குளத்தில் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்புதான் இருக்கும். கடலில் பத்தில் ஒரு பங்கு. நம் கண்ணீரிலேயே லிட்டருக்கு 9 கிராம் அளவுக்கு இருக்கிறது. அந்தக் கொஞ்ச உப்பும் குளிப்பவருக்காகப் போட்டது இல்லை. குழாய்ப் பாதையில் பொருத்திய ஒரு மின்கருவிக்காகப் போட்டது. கருவியின் தகடுகளுக்கு இடையே உப்புநீர் ஓடும்போது மின்சாரம் அதிலிருந்து குளோரினைப் பிரிக்கிறது. குளோரின் கிருமிகளைக் கொன்றுவிட்டு மறுபடி உப்பாகவே நீருக்குத் திரும்புகிறது. ஆக உப்பு செலவாவதே இல்லை என்று சொல்லலாம். பிறகு ஏன் அளவு மாறிக்கொண்டே இருக்கிறது?

8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழம் உள்ள ஒரு குளம். பரப்பு 40 சதுர மீட்டர். அதே ஒரு சென்ட். கொள்ளளவு 50,000 லிட்டர். லிட்டருக்கு மூன்றரை கிராம் என்றால் 175 கிலோ உப்பு. வெயிலுக்கு நீச்சல் குளம் என்றும் உப்பளம் என்றும் பேதம் தெரியாது. நாளுக்கு 200 லிட்டர், மாதத்துக்கு 6000 லிட்டர் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுச் செல்லும்.

குறைந்த மட்டத்தைக் கடற்கரை ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பினால் என்ன ஆகும்? அந்த நீரில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருந்தாலே போதும்; மாதத்துக்கு 6 கிலோ சேரும், ஆண்டுக்கு 72 கிலோ. நீர் வெளியே போக வழியில்லை என்றால் மூன்றரை கிராம் ஐந்தை நெருங்கிவிடும். யாரும் ஒரு பிடி உப்பு போட்டிருக்க மாட்டார்கள். கூடவே அந்தக் கிணற்று நீரின் சுண்ணாம்பும் சேரும். கருவியின் தகடுகளில் படியும் வெள்ளைப் படலம் அதுதான். உப்பளத்தில் முதல் நிறுத்தத்தில் இறங்கும் அதே ஆசாமி. கடல் நீரையே நேராகக் குளத்தில் விட்டு இந்தக் கருவியை ஓட்ட முடியாததற்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் தகட்டில் படிவது ஒரு காரணம். மூட்டைக் கல் உப்பைக் கொட்டுவதும் நல்லதில்லை. மணிகளில் ஒட்டிய கசப்பு நீரும் ஜிப்சமும் கூடவே வந்துசேரும். சுத்திகரித்த உப்பே போட வேண்டும்.

அளவு குறைவது வேறு வழியில். வடிகட்டியைக் கழுவ ஒவ்வொரு முறையும் 500 லிட்டர் வெளியே போகிறது என்றால் அதோடு ஒன்றேமுக்கால் கிலோ உப்பும் போகும். ஐப்பசி மழையில் குளம் வழிந்தால் இன்னும் போகும். கவனிக்க வேண்டியது இதுதான்: தண்ணீர் குறைந்தது ஆவியாகியா, வெளியே வழிந்தா? ஆவியாகிப் போயிருந்தால் நல்ல தண்ணீர் விட்டால் போதும், உப்பு போடக் கூடாது. வழிந்து போயிருந்தால் மட்டுமே உப்பும் போட வேண்டும். மட்டம் இறங்கிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து கொட்டுகிற குளங்களே சீக்கிரம் பழுதாகின்றன.

அளப்பதற்கு அடர்மானி உதவாது. மூன்றரை கிராம் போமே கணக்கில் அரை டிகிரிகூட வராது. நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து உப்பைச் சொல்லும் கருவி வேண்டும். அது 2.8 காட்டினால் குறைவது லிட்டருக்கு 0.7 கிராம், 50,000 லிட்டருக்கு 35 கிலோ. கருவியை நிறுத்திவிட்டு உப்பைத் தூவி, பம்பை ஒரு நாள் ஓடவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். அவசரப்பட்டு அளந்தால் அடியில் கரையாமல் கிடப்பது கணக்கில் வராது, மேலும் ஒரு மூட்டை தேவையில்லாமல் உள்ளே போகும்.

கூடிவிட்டால் உப்பை எடுக்க மருந்து கிடையாது. 4.9 கிராமை மூன்றரைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 14,000 லிட்டரை வெளியேற்றிவிட்டு, உப்பில்லாத நல்ல தண்ணீரை நிரப்ப வேண்டும். நாஞ்சில் நாட்டில் குளத்துக்கு அடுத்து வயலோ வாழைத் தோட்டமோ இருப்பது சகஜம். அந்த நீரை அங்கே திறந்துவிடக் கூடாது. லிட்டருக்கு 2 கிராம் உப்பிலேயே நெற்பயிர் வாடத் தொடங்கும், வாழை அதைவிட மென்மையானது. தென்னை ஓரளவு தாங்கும், ஆனால் ஒரே மூட்டில் 14,000 லிட்டரையும் கொட்டினால் அதுவும் தாங்காது. மாதம் ஒரு முறை அளந்து, கழுவும் நீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் இந்த 14,000 லிட்டரை ஒன்றாகத் திறக்க வேண்டிய நாளே வராது.